தலையில் அடிபட்டவர் வீடு திரும்பிய பிறகு: குடும்பத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி என்று சேதி வந்தால், அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கியிருக்கும். அல்லது செம்பனைக் காட்டில் குலையோ மட்டையோ மேலிருந்து விழுந்திருக்கும். ஆளை முதலில் நம் ஊர் மருத்துவமனைக்கும், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கும் கொண்டு போவார்கள். சில வாரங்களுக்குப் பிறகு அவர் தம் காலால் நடந்தே வீட்டுக்குள் வருவார். தையல் பிரித்த தழும்பைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் "நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்கள். அதன்பின் வரும் ஆண்டுகளை வீட்டில் எப்படி நடத்துவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

நான் மருத்துவன் அல்லன். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியான என் அக்காள் கணவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இருட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, பன்னிரண்டு நாள் நினைவு தெளியாமல் கிடந்து மீண்டவர். அவரைக் கவனித்துக்கொள்வதில் நாங்கள் செய்த தவறுகளும், மருத்துவர்களும் மறுவாழ்வுச் சிகிச்சையாளர்களும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவையும் சேர்ந்தே இதை எழுத வைத்தன. மருந்தின் அளவைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இராது. அது உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

மண்டைக்குள் நடந்ததை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

வயது வந்தவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். சந்தையில் வாங்கும் தௌஃபூ என்னும் சோயாக் கட்டியைப் போல மென்மையான அது, மண்டையோட்டுக்குள் ஒருவகை நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாகப் போகும் தலை திடீரென்று நிற்கும்போது மண்டையோடு நின்றுவிடும். மூளை நில்லாமல் முன்னே போய் மோதி, பின்னே திரும்பியும் மோதும். அதனால்தான் நெற்றியில் அடிபட்டவருக்குப் பிடரிப் பக்கத்து மூளையும் கன்றிப்போகிறது. மண்டையோட்டின் அடித்தளம் முன்புறத்தில் கரடுமுரடாக இருப்பதால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலும் காதுப் பக்கத்தில் இருக்கும் பொட்டுமடலும் அதிகமாகச் சேதப்படுகின்றன. திட்டமிடுதல், தன்னை அடக்குதல், ஒரு வேலையைத் தொடங்குதல், புதியதை நினைவில் வைத்தல் ஆகியவை பெரிதும் இந்த இரு மடல்களையே நம்பியிருக்கின்றன. பிற்காலத்தில் வீட்டில் காணப்போகும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு செய்தியே விளக்கம் சொல்லிவிடும்.

இன்னொரு வகைச் சேதம் கண்ணுக்குப் பிடிபடாதது. தலை சுழன்று திரும்பும்போது, மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு நைந்துவிடுகின்றன. சில அப்போதே அறுகின்றன, சில அடுத்த சில நாள்களில் சிதைகின்றன. இந்தச் சேதம் சி.டி. ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஆகவே, "படத்தில் ஒன்றும் இல்லை என்றார்களே, பிறகு ஏன் இப்படி நடந்துகொள்கிறார்" என்று அவரைச் சந்தேகிப்பதற்கு இடமே இல்லை. சிந்தனை மெதுவாவதற்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறுவதற்கும், ஒரு மணி நேரத்தில் களைத்துப்போவதற்கும் இந்த இழைச் சேதம் முக்கியக் காரணம்.

மீட்சி முதல் ஆறு மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் சிறிது சிறிதாகத் தொடரும். இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல், பழைய ஆள் அப்படியே திரும்பி வருவார் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

முதல் வேலை: ஒரு பயிற்சிப் புத்தகம்

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்குங்கள். முதல் பக்கத்தில் மருத்துவமனை கொடுத்த வெளியேற்றக் குறிப்பில் உள்ளவற்றைப் படி எடுத்து எழுதுங்கள்: விழுந்த தேதி, ஸ்கேனில் கண்டது, அறுவைச் சிகிச்சை, மருந்துகள். கிளாஸ்கோ அளவுகோல் என்று ஓர் எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974இல் வகுத்த அந்த அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை எண் தரும். 13க்கு மேற்பட்டது லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8க்குக் கீழ்ப்பட்டது கடுமையானது. 13, 8 ஆகிய எண்களும் அந்தந்த வகையிலேயே சேரும்.

அந்தக் குறிப்பில் பெரும்பாலும் இல்லாத ஒன்றை நீங்கள்தான் எழுத வேண்டும். விழுந்ததற்குப் பிறகு, நேற்று நடந்தது இன்று நினைவிருக்கும் நிலை எந்த நாளில் வந்தது? கண் விழித்த நாள் வேறு, நினைவு தொடர்ச்சியாகப் பதியத் தொடங்கிய நாள் வேறு. என் அக்காள் கணவர் பதின்மூன்றாம் நாளே பேசினார். ஆனால் காலையில் வந்து போன மகளை மாலையில் "ஏன் இன்னும் வரவில்லை" என்று கேட்கும் நிலை மேலும் மூன்று வாரம் நீடித்தது. நினைவு பதியாத அந்தக் காலம் எவ்வளவு நீளமோ, பிற்கால விளைவுகளும் அவ்வளவு கனமாக இருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், மறுவாழ்வு மருத்துவர் அதைக் கேட்பார். அவரிடம் "கொஞ்ச நாள்" என்று சொன்னால் பயன் இல்லை.

அடுத்த பக்கங்களில் நாள்தோறும் இரண்டு மூன்று வரிகள் போதும்: எத்தனை மணி நேரம் தூங்கினார், தலைவலி வந்ததா, கோபம் எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இதை ஒரு மாதம் எழுதிய பிறகுதான், அவருடைய கோபம் முழுவதும் மாலை நான்கு மணிக்குப் பிறகும், தொலைக்காட்சியும் பேச்சும் ஒன்றாக ஓடும்போதும் வருகிறது என்பது தெரிந்தது.

களைப்பைச் சோம்பலாக எண்ணாதீர்கள்

மூளைக் காயத்தின் நீண்ட கால விளைவுகளில் மிகப் பரவலானதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் களைப்புதான். சேதப்பட்ட மூளை, முன்பு தானாக நடந்த வேலையை இப்போது முயன்று செய்கிறது. காலைச் சந்தையில் மூன்று சாமான் வாங்கி, மீதிக் காசை எண்ணி, தெரிந்தவர் இருவரிடம் பேசி வருவது, அவருக்கு ஒரு நாள் காட்டு வேலைக்குச் சமம். களைத்துப்போன பிறகு படுக்கச் சொல்வதால் பயன் குறைவு. களைக்கும் முன்பே ஓய்வு தர வேண்டும். காலையில் ஒரு மணி நேர வேலைக்கு இருபது நிமிட ஓய்வு என்று தொடங்கி, அவருக்கு எது ஒத்துவருகிறது என்பதைப் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு வேலை தரும் காரியங்களை, பாரம் (விண்ணப்பப் படிவம்) எழுதுவது, வங்கிக்குப் போவது, மருத்துவரைப் பார்ப்பது போன்றவற்றை, காலை நேரத்தில் வையுங்கள்.

தோட்டக் குடும்பங்களில் விடியலுக்கு முன்பே எல்லாரும் எழும் வழக்கம் இருப்பதால், ஏழு மணிக்கு ஒருவர் படுத்திருப்பது அண்டை வீட்டார் கண்ணை உறுத்தும். உறுத்தட்டும். எழும் நேரமும் படுக்கும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். காயத்துக்குப் பிறகு தூக்கம் கெடுவது சாதாரணம். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருமானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது நினைவையும் மனநிலையையும் மேலும் கெடுக்கும்.

ஓசையும் வெளிச்சமும் பலருக்குத் தாங்காது. நம் ஊர்த் திருவிழாவில் உருமி மேளம் எப்படி முழங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போகாமலே இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் அபிஷேக நேரத்தில், கூட்டம் சேருமுன் கூட்டிப் போய், மேளம் கூடும் நேரத்தில் திரும்பிவிடுகிறோம். தீபாவளி இரவில் பட்டாசுக்கு, காது அடைப்பானும் வீட்டின் பின்னறையும் போதும். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையைத் தவிர்த்து, வாசலோர மேசையைக் கேட்டு வாங்குங்கள்; நினைத்ததும் எழுந்து வெளியே போக முடியும் என்பதே அவருக்குப் பாதி அமைதியைத் தரும்.

நினைவுக்கு வீட்டையே சாட்சியாக்குங்கள்

மறதியில் ஒரு விசித்திரம் உண்டு. புதிய செய்திகள் தங்காது. ஆனால் உடம்பு பழகிய தொழில் பெரும்பாலும் அழியாமல் இருக்கும். ஓராண்டு கழித்து, ஒரு நண்பர் தம் சிறுதோட்டத்துக்கு அழைத்துப் போய் உளியைக் கையில் கொடுத்தபோது, என் அக்காள் கணவர் மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை அதே கணக்கில் சீவினார். ஆனால் எந்த நிரையை முடித்தோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. வெட்டிய மரத்துக்கே திரும்பி வந்து நின்றார். தொழில் திறமை ஒரு வகை நினைவிலும், இன்று செய்தது என்ன என்பது வேறொரு வகை நினைவிலும் இருக்கின்றன என்பதை எந்த மருத்துவர் விளக்கத்தையும் விட அந்த நிரைதான் எனக்குத் தெளிவாகக் காட்டியது. அதற்குப் பிறகு, முடித்த மரத்தில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு நகரும்படி பழக்கினோம். அது பலித்தது.

இதிலிருந்து கிடைக்கும் வழி இதுதான்: நினைவில் வைக்க வேண்டியவற்றை அவருடைய தலையிலிருந்து எடுத்துச் சுவரிலும் மேசையிலும் வையுங்கள். சமையலறைக்குப் போகும் வழியில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, அதில் கிழமை, தேதி, அன்றைய மூன்று வேலைகள், யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். சாவி, கண்ணாடி, அடையாள அட்டை, கைத்தொலைபேசி நான்குக்கும் ஒரே தட்டு. மருந்துக்கு ஏழு நாள் பெட்டியும் தொலைபேசியில் மணியும் வையுங்கள். பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அலமாரியைத் திருப்பி வைக்கும் உறவினரைப் பணிவாகத் தடுத்துவிடுங்கள்.

புதிய காரியம் ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போது, ஊகித்துச் சொல்லச் சொல்லாதீர்கள். நினைவு பழுதுபட்டவர் தவறாக ஒருமுறை செய்தால், அந்தத் தவறே பதிந்துவிடும். சரியான படியை நீங்களே காட்டி, அவரோடு சேர்ந்து செய்து, சில நாள் கழித்து மெதுவாகக் கையை எடுங்கள். "நேத்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று வருகிறவர்கள் நடத்தும் பரீட்சைக்கும் இடம் கொடுக்காதீர்கள். அது சிகிச்சை ஆகாது. அவரைக் கூட்டத்தில் அவமானப்படுத்துவதில்தான் முடியும். சில வேளை அவர் நடக்காத ஒன்றை நடந்ததாக உறுதியாகச் சொல்வார். பொய் சொல்லும் எண்ணம் அதில் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக எதையோ வைத்து அடைக்கிறது. வாதாடாமல், பலகையைக் காட்டுங்கள்.

குணம் மாறியது ஏன்

முன்மடல் காயத்தின் கதையைச் சொல்ல மருத்துவ உலகம் எப்போதும் ஃபினியாஸ் கேஜ் என்பவரிடம் போகும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இரயில் பாதை போடும் கூட்டத்துக்குத் தலைவராக, நம் கங்காணியைப் போல, இருந்தவர். 1848 செப்டம்பர் 13 அன்று வெடிமருந்து தவறி வெடித்ததில், ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. உயிர் பிழைத்தார், ஆனால் பொறுப்பான மனிதர் பொறுமையற்றவராகவும் வாய் அடங்காதவராகவும் மாறிவிட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். கதையைப் பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அவர் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே பாதை, அதே நேரம், அதே வேலை என்று ஓடிய நாள்கள் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் உதவியது.

வீட்டில் நீங்கள் காணக்கூடிய மாற்றங்கள் இரு திசைகளில் இருக்கும். ஒன்று, அடக்கம் தளர்வது: எண்ணியதை எண்ணியபடி சொல்வது, சின்னக் காரியத்துக்குக் கத்துவது, பெண்கள் முன்னிலையில் கூடாத பேச்சு, கண்டதை வாங்குவது. கோபம் ஏறும்போது நியாயம் பேசாதீர்கள். அந்த நேரத்தில் நியாயத்தைக் கேட்டு எடைபோடும் பகுதியே வேலை செய்யவில்லை. தொலைக்காட்சியை அணைத்து, ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், குறுகிய வாக்கியத்தில் பேசுங்கள், அல்லது அவரை வாசலுக்கு அழைத்துப் போங்கள். பேச்சு ஒரு மணி நேரம் கழித்து நடக்கட்டும். பிள்ளைகளுக்கோ மனைவிக்கோ அடி விழும் நிலை வந்தால், பொறுத்துக்கொள்வது கடமை என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். அன்றே வேறு வீட்டுக்குப் போய், மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மற்றது, தொடக்கம் இல்லாமல் போவது. குளிக்கச் சொன்னால் சரி என்பார். அரை மணி நேரம் கழித்தும் அதே நாற்காலியில் இருப்பார். "சோம்பேறியாயிட்டான்" என்று அவருடைய தாயாரே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். விருப்பம் இருந்தும் செயலைக் கிளப்பும் பொறி எழாத நிலை அது. துண்டைக் கையில் கொடுத்து, குளியலறை வரை கூட நடந்தால், மீதியை அவரே செய்துகொள்வார். முதல் அசைவை மட்டும் நீங்கள் கொடுங்கள்.

தமக்குக் குறை இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். இது வீம்பினால் வருவதில்லை. தன்னைத் தானே கவனிக்கும் திறனும் மூளையின் வேலைதான். இத்தகைய நிலையில் பணத்தைப் பாதுகாப்பது குடும்பத்தின் கடமையாகிறது. வங்கி அட்டையை வைத்திருப்பது யார், வாரச் செலவுக்கு எவ்வளவு கையில் கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே அவரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். நாலு நம்பர் லாட்டரிக் கடை, தவணைக்கு மோட்டார் விற்பவர், கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆ லோங் மூவருக்கும் இப்படிப்பட்ட ஒருவரை எப்படியோ தெரிந்துவிடுகிறது. அவர் தனியாகப் போய் எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்வினை, காற்றுச் சேட்டை என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். கோயிலுக்குப் போவதிலோ திருநீறு பூசுவதிலோ எனக்குக் குறை இல்லை. ஆனால் மருந்தை நிறுத்தினால்தான் பூசை பலிக்கும் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மனச்சோர்வும் இதே காலத்தில் வரும், அதுவும் தம் இழப்பை அவர் உணரத் தொடங்கும்போது. வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு காதில் விழுந்தால், காட்டில் தெளிக்கும் களைக்கொல்லி வீட்டில் இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள், பிறகு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பெஃபிரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசிச் சேவையும் நாட்டில் நெடுங்காலமாக இயங்கி வருகிறது.

கவனிக்காமல் விடப்படுபவை

மோப்பம் போய்விட்டதா என்று பாருங்கள். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அதிர்ச்சியில் அறுந்துவிடுவதால், சாம்பாரின் ருசி தெரியாமல் போவதோடு, எரிவாயு கசிவதும் கெட்டுப்போன மீனும் தெரியாமல் போகும். எரிவாயு அடுப்பை அவர் தனியே கையாளக் கூடாது. படுத்து எழுந்தால் தலை சுற்றுவது, எழுத்து இரண்டாகத் தெரிவது ஆகியவற்றுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும் கண் பரிசோதனையும் பயன் தரும். மாதங்கள் கடந்தும் காரணமில்லாத சோர்வு, எடை மாற்றம், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது, ஆண்களுக்கு ஆசை அற்றுப்போவது ஆகியவை இருந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனையில் காணலாம், மருந்தும் உண்டு. பலரும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால் எழுதுகிறேன்.

வலிப்பு

காயம் ஆறிப் பல மாதங்கள், பல ஆண்டுகள் கழித்தும் வலிப்பு வரலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வட்டார மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்டு 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையான மூளைக் காயம் அடைந்தவர்களில் 5 ஆண்டுகளுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பதினேழு பேருக்கும் வலிப்பு வந்தது. லேசான காயத்தில் அது 30 ஆண்டுகளில் இரண்டு பேர் அளவே. முதல் வாரத்தில் தடுப்பாகக் கொடுக்கும் மருந்து அந்த வாரத்து வலிப்பைக் குறைக்குமே தவிர, பிற்காலத்தில் வருவதைத் தடுப்பதில்லை.

வலிப்பு வந்தால் கூர்மையான பொருள்களை அப்புறப்படுத்தி, தலைக்கு அடியில் துணி வைத்து, அசைவு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிக்கும் நம் பழக்கம் வலிப்பை நிறுத்தாது. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்குவதால், பெயர் இரும்புக்குப் போய்ச் சேர்கிறது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருமுன் அடுத்தது தொடங்கினாலோ, 999ஐ அழையுங்கள். வலிப்பு மருந்தை, நன்றாகிவிட்டது என்று எண்ணித் திடீரென்று நிறுத்துவது பெரும் ஆபத்து.

வலிப்பு வந்தவர் மோட்டார் ஓட்டுவது, ஆற்றில் தனியே மீன் பிடிப்பது, கூரை ஏறுவது, செம்பனைக் குலை அறுப்பது ஆகியவற்றை, மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரை நிறுத்த வேண்டும். சம்சு என்னும் மலிவுச் சாராயமும் பீரும் காயப்பட்ட மூளைக்கு இரட்டிப்பாக வேலை செய்யும். வலிப்பை வரவழைக்கும், தள்ளாட்டத்தைக் கூட்டும், கோபத்தை அவிழ்த்துவிடும். வேலையிடத்து நண்பர்களிடம் ஒருமுறை நேரில் போய் இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு கிளாசில் என்ன ஆகிவிடும் என்று ஊற்றிக்கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

பின்னோக்கிப் போனால் காத்திருக்காதீர்கள்

தேறி வந்தவர் அல்லது ஒரு நிலையில் நின்றவர் மீண்டும் மோசமாவது, பழைய காயத்தின் தொடர்ச்சி என்று விட்டுவிடக் கூடியது அன்று. குறிப்பாக வயதானவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும், சிறிய அடிக்குப் பிறகு மூன்று நான்கு வாரங்களில், மூளையைச் சுற்றி இரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்து அழுத்தலாம். கூடிவரும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், ஒரு பக்கக் கை சோர்வது, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். நடை குறுகி, கால் தரையில் ஒட்டியது போல நடந்து, சிறுநீரும் கட்டுப்படாமல் போனால், மூளைக்குள் நீர் தேங்குவதாக இருக்கலாம். இரண்டும் அறுவைச் சிகிச்சையால் சரியாகக் கூடியவை. ஆகவே அவசரப் பிரிவுக்கே போங்கள்.

கடுமையான காயத்துக்குப் பின் முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. திரும்பத் திரும்ப அடிபடுவது இன்னும் கெடுதல். குத்துச்சண்டை வீரர்களிடம் கண்ட தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928இலேயே எழுதிவிட்டார். இரண்டாம் அடி விழாமல் காப்பதும், இரத்த அழுத்தத்தையும் இனிப்பு நீரையும் (நீரிழிவையும்) கட்டுக்குள் வைப்பதும் நம் கையில் உள்ளவை. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனாலும், தரச் சான்றான சிரிம் முத்திரை உள்ள தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டுங்கள். தலைக்கவசம் இந்நாட்டில் 1973 முதல் கட்டாயம். ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டும் வழக்கம் நம்மவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

பாரங்கள், அலுவலகங்கள்

வேலையிடத்திலோ, வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட வழியிலோ அடிபட்டிருந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் உரிமை உண்டு. தற்காலிக ஊனத்துக்கான தொகை, நிரந்தர ஊனத்துக்கான தொகை, எந்நேரமும் ஒருவர் துணை தேவைப்பட்டால் அதற்கான படி, மறுவாழ்வுச் சிகிச்சை ஆகியவை அதில் அடங்கும். மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும். அவர் செய்வார் என்று காத்திராமல், காவல் நிலையப் புகார், எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாள்கள், சம்பளச் சீட்டு, போன வழி, விழுந்த இடம், நேரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வழியில் சொந்த வேலைக்காக வேறு திசையில் திரும்பியிருந்தால் கேள்வி எழும் என்பதால், போன பாதையை நினைவு இருக்கும்போதே சாட்சியோடு எழுதி வையுங்கள். முதலாளி பதிந்திருக்காவிட்டால் அது முதலாளியின் குற்றம். அப்போதும் நீங்கள் அலுவலகம் போய்க் கேட்கலாம். எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் ஐந்து மாதம் தூங்கியது. படி எடுத்து வைத்திருந்ததால்தான் அதை எழுப்ப முடிந்தது.

வேலைக்கு வெளியே அடிபட்டு, இனி வேலை பார்க்க முடியாத நிலையில் இருப்பவர், சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். மாற்றுத் திறனாளிக்கான ஓ.கே.யு. அட்டைக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் அடங்குவதால் நமக்கு அங்குள்ள அலுவலகம். பாரத்தின் மருத்துவப் பகுதியை மருத்துவர் நிரப்பும்போது, அவர் கை கால் அசைவை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிடாதபடி, பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். மருத்துவர் முன் பத்து நிமிடம் பளிச்சென்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்து விழுந்து கிடப்பவர்கள் இவர்கள்.

வேலைக்குத் திரும்புவதை ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், காலை இரண்டு மணி நேரம், ஒரே வகை வேலை, ஒரே மேலாள் என்று தொடங்கி, ஒரு மாதம் தாங்கினால் கூட்டுங்கள். என் அக்காள் கணவர் இப்போது ஒரு நாற்றங்காலில் செம்பனைக் கன்றுகளுக்குப் பை நிரப்புகிறார். நூறு பை முடிந்ததும் ஒரு கூழாங்கல்லைத் தகரத்தில் போடுவார். மாலையில் கல்லை எண்ணினால் கூலிக் கணக்கு வந்துவிடும்.

கவனித்துக்கொள்பவருக்கு

எங்கள் வீட்டில் முதல் இரண்டு ஆண்டு முழுச் சுமையும் அக்காளிடமே இருந்தது. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும். மனைவி அல்லது தாய். உதவி வேண்டுமா என்று பொதுவாகக் கேட்கும் உறவினரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லாமல், குறிப்பாக ஒரு வேலையைக் கொடுங்கள்: செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குக் காரில் கொண்டு விடுவது, வியாழக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் உடன் இருப்பது. உடன் இருப்பவர் செய்ய வேண்டியதைப் பலகையின் ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள்: மருந்து நேரம், வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, அழைக்க வேண்டிய மூன்று எண்கள். பிள்ளைகளுக்கு அப்பாவின் மூளையில் காயம் என்பதை அவர்கள் வயதுக்கு ஏற்றபடி விளக்குங்கள். வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள், ஏனெனில் அப்பா கத்துவதற்குத் தாம் செய்த ஏதோ தப்புதான் காரணம் என்று பிள்ளைகள் தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இப்போது வியாழன் மாலைகள் என் பொறுப்பு. நான் போனதும் அக்காள் பையை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பிவிடுவார். கோயிலுக்கா, கடைக்கா, தோழி வீட்டுக்கா என்று யாரும் கேட்பதில்லை. பலகையில் "அக்கா 7 மணிக்கு வருவார்" என்று நான் எழுதுவேன்; மாமா அதை அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய்ப் படித்துவிட்டு வந்து உட்காருவார்.